மணி காட்டாத கடிகாரம்

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலத்தில் ஒரு மாணவனின் செய்முறைப் பதிவேட்டை வகுப்பில் எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போட்டேன். தவளையின் கால் தசையை மின்சாரத்தால் தூண்டி, அது துடிப்பதைப் புகை படிந்த தாள் சுற்றிய உருளையில் கோடாகப் பதிவு செய்யும் சோதனை அது. அவனுடைய தவளை சரியாகத் துடிக்கவில்லை. முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் கோட்டை நகலெடுத்து ஒட்டியிருந்தான். "தவளை துடிக்கலைன்னா துடிக்கலைன்னு எழுது. அதுவும் ஒரு முடிவுதான்" என்று சொன்னேன். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியதால் அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் செய்முறை வகுப்பில் அதையே சொல்லிவந்தேன்.

எழுபத்து மூன்றாவது வயதில் நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். காரைக்குடியில் எங்கள் வீட்டின் பின்புறம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், இடது கையில் இருந்த துண்டைக் கீழே விட்டாள். குனிந்து எடுத்தாள். மறுபடியும் விட்டாள். "என்னங்க, இந்தக் கை சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிழைத்துக்கொண்டாள். பேச்சு தெளிவாக இருந்தது. கால் மெல்ல மெல்ல வந்தது, கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தூக்குவாள், விரல்களைக் கொஞ்சம் விரிப்பாள், கொஞ்சம் மூடுவாள். ஒரு பொருளைப் பிடித்து நிறுத்தி வைக்க மட்டும் முடியாது.

சோறு தின்ன வலது கை இருக்கிறதே, இடது கை போனால் என்ன என்று கேட்டவர்கள் யாரும் சேலை கட்டியவர்கள் அல்ல. கொசுவம் மடிக்க இரண்டு கையும் வேண்டும். வலது கை துணியை மடித்துக் கொடுக்கக் கொடுக்க, இடது கை விரல்கள் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அவள் விரல்கள் இரண்டாவது மடிப்பிலேயே நழுவ விட்டுவிடும். ஐம்பது வருடம் கண்டாங்கிச் சேலை கட்டியவள் நாள் முழுவதும் நைட்டியில் இருந்தாள். அதையும் நான்தான் மாட்டிவிட வேண்டும். வெளியே எங்காவது போவதென்றால், வீட்டு வேலைக்கு வரும் பெண் சேலை கட்டிவிடுவாள். அப்போது என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னொருத்தர் கையை எதிர்பாக்காம என் சேலையை நானே கட்டிக்கிறணும். அது போதும் எனக்கு" என்பாள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போனில் என்ன வேண்டும் என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து, உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போய்வந்த இடத்தில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். மூளை உடலசைவை எப்படி நடத்துகிறது என்று ஆராயும் ஒரு பெண், பக்கவாதம் கண்டவர்களைத் தன் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், சென்னைப் பக்கம். என் மனைவி அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டாள்.

"நான் ஊசி போடுற டாக்டர் இல்லம்மா. ஆராய்ச்சி பண்ணி வாங்கின டாக்டர்."

"ஊசி போட மாட்டீகளா? அப்ப ரெம்ப நல்லதாப் போச்சு."

அவர் சொன்ன விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. அடிபட்ட மூளை முதலில் அந்தக் கையை அசைத்துப் பார்க்கிறது. முடிவதில்லை. நல்ல கை எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிடுகிறது. சில வாரங்களில் மூளை அந்தக் கை இல்லாமலே காரியம் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு நரம்புப் பாதை ஓரளவு தேறினாலும் மூளை அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆகவே நல்ல கையைக் கட்டிப்போட வேண்டும். வேறு வழியில்லை என்ற நெருக்கடியில் மூளை பழைய கையைத் தேடிப் போகும், மிச்சமிருக்கும் பாதைகளைப் பலப்படுத்திக்கொள்ளும். இந்தச் சிகிச்சை புதிதல்ல. நம் வீடுகளில், நம் சாப்பாட்டோடும் வேலைகளோடும் இது எப்படி நடக்கிறது, யாருக்குப் பலன் தருகிறது, யாருக்குத் தருவதில்லை என்பதுதான் அவருடைய ஆய்வு. நல்ல ஆய்வு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான்கு வாரம். வலது கைக்குத் தடித்த பஞ்சு வைத்துத் தைத்த ஓர் உறை கொடுத்தார். அதை மாட்டினால் விரல்களால் எதையும் பிடிக்க முடியாது. இரண்டு மணிக்கட்டிலும் கட்டக் கடிகாரம் போன்ற இரண்டு கருவிகள். எந்தக் கை எப்போது எவ்வளவு அசைந்தது என்று அவை பதிவு செய்யும். எனக்கு ஒரு நோட்டு. உறை போட்ட நேரம், கழற்றிய நேரம், இடது கையால் என்ன செய்தாள் என்று நான் எழுதிவர வேண்டும். தண்ணீர் படும் வேலைக்கும், தடுமாறி விழ வாய்ப்புள்ள வேலைக்கும் மட்டும் உறையைக் கழற்றலாம்.

"கைக்குக் குல்லாவா?" என்று என் மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன, கடிகாரத்துல முள்ளையே காணோம்?"

"அது மணி காட்டாதும்மா. உங்க கையைத்தான் பாத்துக்கிட்டே இருக்கும்."

"அப்ப இவுகளை மாதிரின்னு சொல்லுங்க" என்று என் பக்கம் தலையை ஆட்டினாள்.

முதல் வாரம் ஒழுங்காகச் செய்தோம். அந்த வாரம் போல ஒரு வாரத்தை நான் வாழ்ந்ததில்லை. கொடியில் பத்து கிளிப் மாட்ட வேண்டும் என்பது ஒரு பயிற்சி. முதல் கிளிப்பை எடுக்கவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். எடுத்துக் கொடிவரை கொண்டுபோவாள், அழுத்த வேண்டிய நேரத்தில் விரல் விரிந்து அது கீழே விழும். மறுபடி முதலிலிருந்து. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவது இன்னொரு பயிற்சி. நாள் முழுக்க வீட்டில் டம்ளர் உருளும் சத்தம். அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையைப் பார்த்து, "ஏ சனியனே, பிடியேன்" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கை தானாகவே நீளும். இழுத்துக்கொள்வேன். சாப்பாட்டு வேளைதான் எல்லாவற்றையும்விட மோசம். கரண்டியால் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கரண்டி வாய்க்கு வருவதற்குள் கவிழ்ந்துவிடும். மார்பில், மடியில், தரையில் எல்லாம் சோறு. ஒரு வேளை சாப்பிட முக்கால் மணி நேரம், துடைக்க அரை மணி நேரம். நான்தான் துடைத்தேன். அலுப்பாக இருந்தது என்று எழுத வெட்கப்படவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோவிலூரிலிருந்து என் அக்கா வந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வந்த நேரம் மதியச் சாப்பாடு. வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா, இது என்ன கூத்து? சோத்தாங்கையைக் கட்டிப்புட்டுப் பீச்சாங்கையாலயா சோறு திங்கிறே?"

"பீச்சாங்கையும் என் கைதானே மதினி. டாக்டரம்மா சொல்லியிருக்கு."

"அவ சொல்லிப்புட்டுப் பட்டணத்துக்குப் போயிருவா. நாளைக்கு நீ நாலு பேரோட பந்தியில உக்கார வேணாமா?" என்றவர் என்னிடம் திரும்பினார். "ஏண்டா, நீ படிச்சவன்தானே? பொண்டாட்டி பச்சப்புள்ளை கணக்காச் சிந்தித் திங்கிறா. பாத்துக்கிட்டு நோட்டுல எழுதுறியாக்கும்? எழுதுடா, நல்லா எழுது."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் உறையைக் கழற்றினேன். அக்கா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நான் பல மாதங்கள் இருந்தேன், அதுவும் சரியல்ல.

"வேணாங்க. நாலு வாரம்தானே, இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"சாப்பாட்டுக்கு மட்டும். சாப்பிட்டாக் கை கழுவணும்ல? கழுவுனா அது தண்ணி வேலை. தண்ணி வேலைக்குக் கழட்டலாம்னு விதியிலேயே இருக்கு."

அவள் உறை போட்ட கையை என் பக்கம் நீட்டினாள். "நீங்க சொன்னாச் சரி. உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, வாரம் ஒருமுறை பதிவைப் பார்க்கும் நாள். அந்த ஆய்வாளர் கருவிகளை மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தார். மணிவாரியாக இரண்டு கைக்கும் பட்டை பட்டையாகக் கோடுகள் வந்தன. முந்தின இரவு எட்டு மணியில் வலது கைப் பட்டை மட்டும் உயர்ந்து நின்றது.

"சாப்பாட்டு நேரத்துல வலது கை வேலை செஞ்சிருக்கே சார்?"

"நேத்து ஒரு வேளை… அக்கா வந்திருந்தாங்க."

"ஒரு வேளை பரவாயில்ல சார். ஆனா எழுதிடுங்க. கழட்டினா கழட்டினதுன்னு எழுதுங்க. அதுவும் எங்களுக்கு வேணும்."

என்னுடைய வாக்கியம். முப்பது வருடம் நான் சொன்னதை எனக்கே சொன்னார். "கட்டாயம்மா" என்றேன். அதற்குள் என் கண் அந்தப் பட்டைகளின் மேல் இருந்தது. அவர் எதைப் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்காத ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் உண்மையைத் தவிர எதையும் கொடுத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பிடுவதற்கு முன்பு உறையோடு இரண்டு கருவிகளையும் கழற்றினேன். "தண்ணி பட்டாக் கெட்டுப்போகும்" என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். வலது கைக் கருவியை அலமாரியில் வைத்தேன். இடது கைக் கருவியையும் அப்படி வைத்தால் அசைவில்லாமல் வெறுமையாகப் பதிவாகும். அதை என் இடது கையில் கட்டிக்கொண்டேன்.

முதலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கதவைத் திறப்பது என்று சும்மா ஆட்டினேன். பிறகு அது போதாது என்று தோன்றியது. நோட்டில் "மதியச் சாப்பாடு, இடது கை" என்று எழுதியிருக்கிறேன். கருவியில் சாப்பாட்டின் அசைவு இருக்க வேண்டும் அல்லவா? தட்டுக்கும் வாய்க்கும் கை போய்வருவது ஒரு தாளம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வேறு தாளம். ஆகவே அவள் சாப்பிட்டு முடித்துக் கட்டிலுக்குப் போன பிறகு, அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, நான் என் சோற்றை இடது கையால் சாப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். பாதிப் பயிற்சிகளையும் அப்படியே செய்தேன். அவள் களைத்துப்போனால் "போதும், படு" என்று அனுப்பிவிட்டு, கிளிப்புகளை நான் மாட்டினேன். டம்ளர்களை நான் அடுக்கினேன். இடது கையால் பெருக்கினேன்.

அவள் மேல் இரக்கப்பட்டுச் செய்கிறேன் என்று அப்போது நினைத்தேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது. மீதி, அவள் சிந்துவதை யாராவது பார்ப்பார்கள் என்ற அவமானமும், தினம் மூன்று வேளை தரை துடைக்கும் எரிச்சலும்தான். அவமானம் அவளுக்கு இல்லை. அது முழுக்க என்னுடையது.

இரண்டாவது சனிக்கிழமை ஆய்வாளர் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அம்மா, இடது கை போன வாரத்தைவிட எவ்வளவு வேலை செஞ்சிருக்கு பாருங்க!"

என் மனைவி திரையைப் பார்த்தாள், பிறகு மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கொஞ்சம் கொஞ்சமாத்தாம்மா தெரியும்."

அன்று மாலை அவள் பீரோவைத் திறந்து ஒரு சேலையை எடுத்து, உள்பாவாடையில் செருகிக் கொசுவம் மடித்துப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. நழுவிவிட்டது. மறுபடி ஒன்று, இரண்டு. நழுவிவிட்டது. "மெசின் வந்துருச்சுங்குது, கை வரலைங்குது. எதை நம்புறது?" என்று என்னைக் கேட்டாள். சேலையை மடித்து வைக்க நான் உதவினேன்.

மூன்றாவது வாரம் கானாடுகாத்தானில் உறவில் ஒரு கல்யாணம். பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கும் முன் அவளுடைய உறையைக் கழற்றப் போனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இருக்கட்டும். யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்கு வெக்கமா இல்லை" என்றாள். "எனக்கு இருக்கு" என்று நான் சொல்லவில்லை. "ஒருநாள்தானே" என்றேன். உறையையும் கருவிகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். பந்தியில் வலது கையால் அழகாகச் சாப்பிட்டாள். எதிரில் இருந்த ஒரு அம்மாள், "கை நல்லாயிருச்சு போல" என்றார். நான் ஆமாம் என்றேன். இலைக்கு அடியில், மடியில், அவளுடைய இடது கை விரல்கள் மடங்கிக் கிடந்தன.

நான்காவது வார முடிவில் கடைசிப் பரிசோதனை. ஒரு பலகை, அதில் ஒன்பது துளைகள், ஒன்பது சின்னக் குச்சிகள். இடது கையால் குச்சிகளைத் துளையில் நட வேண்டும். முதல் நாளும் இதைச் செய்தாள், ஒரு குச்சிகூட நிற்கவில்லை. இப்போதும் ஒரு குச்சி பாதி நின்றது, சாய்ந்தது, உருண்டு தரையில் விழுந்தது. ஆய்வாளர் நேரம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு பதிவுகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி குச்சிகளைப் பார்த்தார்.

"கை தினமும் இவ்வளவு வேலை செஞ்சிருக்கு. ஆனா டெஸ்ட்ல மாற்றமே இல்லையே" என்றார் தனக்குத்தானே பேசுவது போல.

"இனிமே வராதா டாக்டரம்மா?" என்று என் மனைவி நேராகக் கேட்டாள்.

நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சிலருக்கு மூளையில அடிபட்ட இடம் அப்படிம்மா. எவ்வளவு பழக்கினாலும் அந்தப் பாதை திறக்காது. நீங்க நல்லாப் பயிற்சி பண்ணியிருக்கீங்க, உங்க மேல தப்பே இல்லை. இவ்வளவு பண்ணியும் வரலைன்னா, பெருசா எதிர்பார்க்க வேண்டாம்மா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன் என்றுகூட எனக்கு நினைவு. பிறகு தரையில் கிடந்த குச்சியை எடுத்துப் பலகையில் வைத்தேன். இடது கையால் வைத்தேன். துளையில் சரியாக நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த முறை அக்கா வந்தபோது, "மதினி, பீரோவுல இருக்கிற சேலையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. உங்க மருமகளுகளுக்காவது ஆகும். என் மூளைதான் செத்துப்போச்சாமே" என்றாள். அக்கா அழுதுவிட்டார், சேலைகளை எடுக்கவில்லை. குன்றக்குடிக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். நைட்டியோடு மலையேறச் சொல்றீகளா என்றாள். வேலைக்கு வரும் பெண்ணையும் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எந்த வேலையும் இல்லாத இடது கை மேலும் மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. நகம் வெட்டுவதற்கு நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. நான் பேசவில்லை. சொன்னால் அவளுக்கு வீண் ஆசை வரும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

பிறகு அந்த ஆய்வாளர் போன் செய்தார். "அம்மாவோட கேஸை எங்க கட்டுரையில தனியா எழுதலாம்னு இருக்கேன் சார். நிறையப் பயிற்சி, ஆனா பலன் இல்லை. இந்த மாதிரி அடிபட்டவங்களுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்னு முடிவு பண்ண அது உதவும். பேர் எதுவும் வராது. உங்க சம்மதம் வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்னும் எத்தனை ஊரில் எத்தனை பேருடைய நல்ல கையைக் கட்டாமல் விடப்போகிறார்கள், நான் அடுப்படியில் உட்கார்ந்து தின்ற சோற்றை வைத்து? மூன்றாம் நாள் காலை நானே கூப்பிட்டேன்.

"அந்தக் கடிகாரம் என் கையில இருந்ததும்மா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முழுவதும் சொன்னேன். எந்த வேளை, எந்தப் பயிற்சி, எத்தனை நாள்.

"நீங்க ஜுவாலஜி வாத்தியார்தானே சார்?"

"ஆமா."

"நான் அவங்க முகத்தைப் பாத்துச் சொன்னேன் சார், எதிர்பார்க்க வேண்டாம்னு. நீங்க பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க." அவர் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"இன்னைக்குச் சொல்லுங்க. நாளைக்கு நான் அவங்ககிட்டப் பேசுவேன்."

பதினோரு மணி இருக்கும். அவள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியதாக இல்லை.

"அப்ப என் மூளை செத்துப்போகலையா?"

"தெரியலை. யாருக்கும் தெரியாது. சோதிச்சுப் பாக்கவே இல்லை."

"டாக்டரம்மா வராதுன்னு சொன்னது?"

"நான் எழுதிக் கொடுத்ததை வச்சுச் சொன்னது."

வலது கையால் இடது கைக் கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள். அது மறுபடி உள்ளே போயிற்று.

"கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணுனீக?"

"கிளிப் மாட்டுனேன். பெருக்குனேன். சோறு தின்னேன்."

"பீச்சாங்கையாலயா?"

"ஆமா."

"எங்க உக்காந்து?"

"அடுப்படியில. நீ படுத்ததுக்கு அப்புறம்."

"எனக்கு அசிங்கம்னு கழட்டிப்புட்டு, நீங்க கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னீகளாக்கும்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எழுத விரும்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் போனில் ஆய்வாளரோடு மட்டும் அறைக்குள் நீண்ட நேரம் பேசினாள். ஆய்வில் அவளை இனிச் சேர்க்க முடியாது, அவளுடைய பதிவு முழுவதையும் நீக்கிவிடுவார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆரம்ப மாதங்கள் போய்விட்டன, இனிக் கடினம், எந்த உறுதியும் தர முடியாது. இவ்வளவும் வேலைக்கு வரும் பெண் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. பழைய துண்டை மடித்து அந்தப் பெண்ணையே இரண்டு உறை தைக்கச் சொல்லியிருந்தாள். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. ஒன்று அழுக்கானால் மாற்ற என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா வந்திருந்தார். மூன்று தட்டு வைத்தாயிற்று. என் மனைவி வலது கையில் ஓர் உறையை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை என் முன்னால் தள்ளினாள். "மாட்டுங்க. மதினி, கொஞ்சம் கட்டிவிடுங்க அவுகளுக்கு."

"ஏத்தா, அவனுக்கும் வாதமா?"

"ஆமா மதினி. எனக்குக் கையில. அவுகளுக்கு எங்கன்னு அவுகளையே கேளுங்க."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டில் நாடாவைக் கட்டினார்.

தட்டில் சோறும் புளிக்குழம்பும். என் மனைவி தன் கரண்டியைத் தொடவில்லை. நான் சாப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் என் நிலைமை எனக்கு விளங்கியது. சிந்தலாம். வேண்டுமென்றே நாலு பருக்கை, ஒரு கவளம் கீழே விடலாம். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும், எனக்கும் தண்டனை போல இருக்கும். மிக எளிது. நான் செய்த எல்லாவற்றையும் போலவே இரக்கத்தின் பெயரில் செய்துவிடலாம்.

இடது கையால் சோற்றைப் பிசைந்தேன். உருட்டினேன். வாயில் போட்டேன். ஒரு பருக்கை சிந்தவில்லை. இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். விரல் நுனிகள் மட்டும்தான் நனைந்திருந்தன.

அக்கா வாயைப் பிளந்தார். "இவன் எப்பப் பீச்சாங்கையன் ஆனான்?"

என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். திறந்து மூடும் விரல்களை, கட்டைவிரல் சோற்றைத் தள்ளும் விதத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எத்தனை நாள்ல இப்படி வந்துச்சு?"

"ரெண்டு வாரத்துல நல்லா வந்துருச்சு."

தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு தன் இடது கையை மேசை மேல் தூக்கி வைத்து, விரல்களுக்கு நடுவே கரண்டியைச் செருகிக்கொண்டாள். முதல் கரண்டி வாய்க்குப் பாதி தூரத்தில் கவிழ்ந்து மடியில் கொட்டியது. நான் துணியை எடுக்க எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். இரண்டாவது கரண்டியும் கொட்டியது. அக்கா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏத்தா, குழம்பைக் கொறச்சுக் கெட்டியாப் பிசைஞ்சுக்க. அப்பத்தான் கரண்டியில நிக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு வாரமாகிறது. நோட்டு பழையதல்ல, புதியது. காலையில் குளித்ததும் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வெளியே நாற்காலியில் பேனாவோடு உட்கார வேண்டும், உள்ளே வரக் கூடாது. துணி சரசரப்பது கேட்கும். பிறகு மொத்தமாகத் தரையில் விழும் சத்தம். "சனியனே" என்று அவள் கையைத் திட்டுவது கேட்கும். மறுபடி சரசரப்பு. எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் இரண்டு கையும் பரபரக்கும். முக்கால் மணி நேரம் இப்படி. பிறகு நைட்டியோடு கதவைத் திறப்பாள்.

இன்று காலையும் திறந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"எத்தனை மடிப்பு?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

மூன்றாவது நின்றது போல ஒரு கணம் உள்ளே சத்தமில்லாமல் இருந்ததே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டு என்று எழுதினேன். எழுதியதை அவள் குனிந்து சரிபார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.